குங்கும டப்பாவில் கிடந்த மூடி

ஆயுத பூஜையன்று மிக்ஸிக்குப் பொட்டு வைக்கும்போதெல்லாம் என் கை ஒரு நொடி நிற்கும்.

அப்போது எனக்குப் பத்து வயது. அம்பத்தூரில் எங்கள் வீட்டு முன்னறையில் மாமா பத்திரிகை, நோட்டீஸ் அடித்துத் தரும் டி.டி.பி. கடை வைத்திருந்தார். பழைய கம்ப்யூட்டர் ஒன்று, அதிலிருந்து வயர் போட்டு ஸ்கேனர், ஸ்கேனரிலிருந்து இன்னொரு வயர் போட்டு ஹார்ட் டிஸ்க் பெட்டி. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியில் மாமாவைத் தவிர அக்கா மட்டும்தான் உட்காரலாம். பால்காரர்கூட அவளைக் "கம்ப்யூட்டர் பொண்ணு" என்பார். நான் கிட்டே போனால், "ஏய், கை அழுக்கு! அப்பால போ" என்பார் மாமா. எனக்கு வயிறு எரியும். "முருகா, அந்த நாற்காலி எனக்குக் கிடைக்கணும்" என்று தினமும் வேண்டிக்கொள்வேன்.

பூஜைக்கு எல்லாவற்றையும் கழற்றித் துடைப்பார்கள். பொட்டு வைப்பது மட்டும் என் வேலை. டிஸ்க் பெட்டியின் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு மூடி செருகியிருக்கும். அதிலிருந்து எந்த வயரும் போகாது. சும்மா கிடப்பதுதானே! காணோமென்று அக்கா திட்டு வாங்கட்டும், அப்புறம் நான் தேடிக் கொடுத்துப் பேர் வாங்கலாம் என்று அதைக் குங்கும டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன்.

விஜயதசமி காலையில் அக்கா அவசரமாக வயர்களை மாட்டினாள். டிஸ்க் பெட்டியில் விளக்கு எரிந்தது. திரையில்தான் டிஸ்க்கே வரவில்லை. அந்த டிஸ்க்கில்தான் ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்தது. கல்யாணப் பெண்ணின் அப்பா வந்து உட்கார்ந்துவிட்டார்.

"முகூர்த்தம் கிட்ட வந்துடுச்சு நைனா. ஊருக்கு இன்னாத்த குடுப்பேன்?"

மாமா வயரை மாற்றினார். பெட்டியின் பின்னால் இருந்த நம்பர் ஸ்விட்சை மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. அக்காவின் முகம் சுருங்கச் சுருங்க எனக்கு உள்ளே இனித்தது. கடைசியில் மாமா பெட்டியின் பின்னால் தடவிப் பார்த்தார்.

"டெர்மினேட்டர் மூடி எங்கடி? வயரு கடைசில அது இல்லேன்னா போற சேதி முட்டிகினு திரும்பி வரும். மிஷின் குழம்பிப்பூடும்!"

இதற்குத்தானே காத்திருந்தேன். ஓடிப்போய் எடுத்துவந்தேன். "இதோ கீது மாமா!"

அதன் ஊசிகளிலெல்லாம் குங்குமம். மாமா என்னைப் பார்க்கவில்லை, மூடியைத்தான் பார்த்தார்.

"குங்குமத்துல எவ போட்டது? போட்டவ இனிமே மிஷினாண்ட வரக்கூடாது."

நான் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். அக்கா என் கையைப் பார்த்தாள். மணிக்கட்டுவரை சிவப்பு.

"நான்தான் மாமா. தொடைக்கசொல்ல உழுந்துட்ச்சு" என்றாள் அக்கா.

மாமா பழைய டூத் பிரஷால் ஊசிகளைத் துடைத்து மூடியைச் செருகினார். டிஸ்க் வந்தது. பெண்ணின் அப்பா திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கண்டெடுத்தவ நீதான், வா" என்று மாமா என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். சாயங்காலம் முருகனுக்குக் கற்பூரம் ஏற்றினேன். வேண்டியதைக் கொடுத்துவிட்டானே! பக்கத்தில் அக்காவும் கைகூப்பி நின்றாள்.

அம்மா என் பாவாடையின் குங்குமக் கறைக்கு இரண்டு தரம் சோப்புப் போட்டாள். அப்புறம் சுண்டலை முதலில் அக்காவுக்கு வைத்தாள், அதுவும் ஒரு கரண்டி கூடுதலாக. தப்பு தன்னுடையது என்று சொன்னவளுக்கு எதற்கு அந்தக் கரண்டி என்று, நாற்காலி கிடைத்த அன்றும் எனக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.