பன்னிரண்டாவது பிழை

அந்த விண்வெளி நாவல் இன்று தொலைக்காட்சியில் படமாக ஓடியது. நாவலை விட்டு விலகிய இடங்களைப் பதினொன்று வரை எண்ணினேன். பன்னிரண்டாவதைத்தான் பொறுக்க முடியவில்லை: செவ்வாய்க்குப் போனவன் வீடு திரும்பவேயில்லை.

அம்மா பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம், கொழிஞ்சாம்பாறை வீட்டில் அக்காதான் எனக்கு அதைப் படித்துக் காட்டினாள். வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்த இருபத்தாறு அத்தியாயங்கள். தாள்களில் பசை வாசம்.

“அவன் ஊட்டுக்கு வந்துருவானாக்கா?”

“வந்துட்டான்டா. வாசல்ல செருப்பக்கூடக் கழட்டிட்டான். நீ கஞ்சியக் குடி.”

அம்மா வரவில்லை. அதன்பின் அந்தத் தாள்கட்டை நான் தொட்டதில்லை.

இன்று எடுத்துக் கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். அவன் திரும்பவில்லை. அக்காவுக்குப் போன் செய்தேன்.

“செருப்பப் பத்தி ஒரு வரிகூட இல்லியேக்கா?”



“இப்பத்தான் படிக்கிறயாடா?” என்றாள்.