விடுதித் தலைவியின் பெட்டிச் சாவி

பேனா தேடி என் மேசை இழுப்பறையைக் கிளறிய மகள் கையில் ஒரு சாவியோடு வந்து நின்றாள். நீலக் கம்பளி நூலில் கோத்த சின்னப் பூட்டுச் சாவி. "உம்மா, இது எந்த லாக்கோட கீ? யாரோடது?" என்றாள். என் முன்னால் அவளுடைய பள்ளி அனுப்பியிருந்த சம்மதப் படிவம் இருந்தது. பிள்ளைகளைக் கென்யாவுக்கு அழைத்துப் போகிறார்களாம். அங்கே ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியில் ஒரு நாள் முழுக்க இருக்க வேண்டுமாம். பத்தாம் வகுப்பில், அமீரகத்துப் புஜைராவிலிருந்து நானும் அப்படி ஒரு பள்ளிக்குப் போனவள்தான்.

வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு மாணவி துணை. எனக்கு வாய்த்தவள் விடுதித் தலைவி. பதினேழு வயது, ஒட்ட வெட்டிய தலைமுடி, முழங்கையில் ஒட்டுப்போட்ட ஸ்வெட்டர். ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அந்தப் பிள்ளைக்குச் சொந்தமென்று அங்கே இருப்பது அது ஒன்றுதான். விருந்தாளி வந்தால் சாயங்காலம்வரை பெட்டிச் சாவியை விருந்தாளியின் கழுத்தில் போட்டுவிடுவது அவர்கள் வழக்கம். பசித்தால் கேட்காமலே திறந்து எடுத்துக்கொள்ளலாம். நான் திறந்தேன். பாதியாக நறுக்கிய சோப்பு, ஒரு டப்பா வறுத்த வேர்க்கடலை, நர்ஸிங் கல்லூரி விண்ணப்பம் ஒன்று. மதியம் மக்காச்சோளக் களியும் பீன்ஸும் போட்டார்கள். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. மிச்சத்தைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டு அவள் தின்று முடித்தாள்.

துணி காயும் கம்பியருகே நின்றபோது, உங்கள் ஊரில் நர்ஸுகளுக்கு வேலை கிடைக்குமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. எங்கள் வாப்பா பக்காலா வைத்திருந்தார். நம்மூர்ப் பாஷையில் மளிகைக் கடை. வருஷத்துக்கு ஒரு மச்சானையாவது விசா எடுத்து ஊரிலிருந்து இறக்குவார். விசா என்பது வாப்பா எங்கேயோ போன் பண்ணினால் வந்துவிடும் சாமான் என்றே வளைகுடாவில் வளர்ந்த நாங்கள் நினைத்திருந்தோம். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று கடையின் விசிட்டிங் கார்டை எடுத்து, பின்பக்கம் 'கட்டாயம் வா, வாப்பா எல்லாம் செய்வார்' என்று ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு பூவும் வரைந்து கொடுத்தேன். அவள் அதை நாலாக மடிக்காமல், கசங்காமல், புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

விமானத்தில்தான் கழுத்தில் சாவி உறுத்தியது. டீச்சரிடம் காட்டினேன். "பூட்ட ஒடச்சுக்குவாங்க, விடு" என்றார். விட்டேன்.

ஐந்து வருஷம் கழித்து, கல்லூரி விடுமுறையில் ஒரு மத்தியானம் நான் கடையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டு வேலைக்காரிகளின் சீருடையில் ஒருத்தி உள்ளே வந்து கார்டை மேசைமேல் வைத்தாள். பூ வரைந்த பக்கம் மேலே இருந்தது. மெலிந்துபோயிருந்தாலும் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. நர்ஸிங் படிக்க வழியில்லாமல் ஏஜென்ட் மூலமாக வீட்டு வேலைக்கு வந்தவள். பாஸ்போர்ட் கஃபீலிடம், அதாவது விசா எடுத்துக்கொடுத்த வீட்டுக்காரரிடம். வெளியே பூட்டிவிட்டுப் போகிற வீட்டில் அன்று எப்படியோ கதவு திறந்திருக்கிறது. மணிக்கட்டில் ஆறாத சூட்டுக் காயம். எங்கள் தூதரகத்துக்கு ஒரே ஒரு போன் போட்டுக் கொடுங்கள், போதும் என்றாள்.

வாப்பா கெட்டவரில்லை. பயந்தவர். "கஃபீல் வீட்டுலேர்ந்து ஓடி வந்த புள்ளைய உள்ள வச்சா நம்ம லைசென்ஸே கலாஸ்" என்று தமிழில் முணுமுணுத்தார். பிறகு கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒனக்கு இவளத் தெரியுமா?"

"தெரியாது வாப்பா."

அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நான் இல்லையென்று தலையாட்டியது புரிந்திருக்க வேண்டும். என் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை, கழுத்தைத்தான் பார்த்தாள். வாப்பா ஒரு ஜூஸ் டப்பாவைக் கொடுத்து உட்கார வைத்து, எந்த வீடு என்று விசாரித்தார். போன் போடத்தான் கேட்கிறார் என்று நம்பிச் சொன்னாள். போட்டார். தூதரகத்துக்கு அல்ல, அந்த வீட்டுக்கு. கால் மணி நேரத்தில் கார் வந்து நின்றது. அவள் கார்டை எடுத்துக்கொண்டு போய் ஏறினாள். திறக்காத ஜூஸ் டப்பாவை வாப்பா துடைத்து மறுபடியும் பிரிட்ஜில் வைத்தார். அவள் என்ன ஆனாள் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாப்பா சொல்லியிருப்பார், அந்தப் பயம்தான் எனக்கு.

தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாப்பா அந்தப் போனைப் போட்டிருக்கமாட்டார். என் சொல்லைத் தட்டியவரில்லை அவர். கடை போயிருக்குமோ என்னவோ. இத்தனை வருஷத்தில் அந்தக் கடை எப்படியும் போய்விட்டது, வாப்பாவும் போய்விட்டார். சாவி மட்டும் மூன்று வீடு மாறியும் என்னோடு வந்துகொண்டிருக்கிறது.

மகள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். சாவியைத் தன் கழுத்தில் மாட்டி அழகு பார்த்துக்கொண்டே, "சொல்லுங்க உம்மா, யாரோடது?" என்றாள்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். நிமிர்ந்து பார்க்காமலே, "தெரியாதும்மா" என்றேன்.