குணசுந்தரி போட்ட மஞ்சள் பாதங்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணி பாசாரில் குணசுந்தரியின் வாய்க்குப் பயப்படாத மீன்காரன் கிடையாது. எடையில் ஒரு இம்மி குறைந்தாலும் அவன் ஏழு தலைமுறையையும் இழுத்துவிட்டுத்தான் நகர்வாள். ஆனால் அதே வாய், பேச்சு வராத பிள்ளைகளின் முன்னால் பதினேழு வருஷமாகத் தணிந்த குரலில் மட்டுமே பேசி வந்திருக்கிறது. டவுனை விட்டுச் சற்றுத் தள்ளி ஒரு சங்கம் நடத்தும் சிறப்புப் பள்ளியில் அவள் உதவியாளர். பிள்ளைகளைக் காலையில் வாசலில் வாங்குவது, கழிப்பறைக்குக் கூட்டிப் போவது, சோறு ஊட்டுவது, நனைந்த சட்டையை மாற்றுவது, மத்தியானம் மறுபடியும் வாசலில் ஒப்படைப்பது, இவ்வளவும் அவள் வேலை.

பாலிங் பக்க ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர்களுக்குப் பிறந்தவள். ஆறாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டாயிற்று. கட்டிக்கொண்டவன் நாலே வருஷத்தில் லாரி விபத்தில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. யாராவது அதைச் சொல்லி உச்சுக் கொட்டினால் அவ்வளவுதான், "எனக்கா பிள்ள இல்ல? நாப்பத்திரண்டு இருக்கு, வந்து குளிப்பாட்டிப் பாரு லா, தெரியும்!" என்று சீறுவாள். கூட்டிப் பெருக்கத்தான் முதலில் சேர்ந்தாள். யார் ஊட்டினாலும் துப்புகிற ஒரு பையன் இவள் கையால் மட்டும் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு, துடைப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு கரண்டியைக் கொடுத்தார்கள்.

அப்புறம் கொரோனா வந்தது. பள்ளியைப் பூட்டினார்கள், திறந்தார்கள், மறுபடியும் பூட்டினார்கள். மற்ற பிள்ளைகள் போனைப் பார்த்தாவது படித்தார்கள். இந்தப் பிள்ளைகளுக்குப் போனில் யார் எதைக் கற்றுக்கொடுப்பது? குணசுந்தரி தன் கப்சாய் மோட்டார் சைக்கிளின் கூடையில் பாடத்தாள்களைத் திணித்துக்கொண்டு குடியிருப்புக் குடியிருப்பாக, தாமான் தாமானாகச் சுற்றினாள். கேட்டுக்கு வெளியே நின்று ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் சொல்லிக் கூப்பிடுவாள். ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தால் போதும், அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கும்.

சில ஜன்னல்களில் முகம் தெரியவில்லை. அதில் ஒன்று சுபாஷினியின் வீடு.

சுபாஷினிக்குப் பதின்மூன்று வயது. பேச்சு இல்லை. அம்மா வாசுகிக்குக் கையுறைத் தொழிற்சாலையில் காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஷிப்ட். அப்பா சிங்கப்பூரில் வேலை, எல்லையை மூடியதிலிருந்து அங்கேயே மாட்டிக்கொண்டவர். பக்கத்து வீட்டு அம்மாள்தான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் மாதக் கடைசியில் மகள் வீட்டோடு போகிறாள் என்று ஆனதும் வாசுகி ஒருநாள் கேட்டுக்கு ஓடி வந்து, "அக்கா, ஈப்போல ஒரு இல்லம் இருக்காம். அங்கேயே தங்க வச்சிப் பாத்துக்குவாங்களாம். ஸ்கூல் தொறந்து இவள எடுத்துக்கலேன்னா எனக்கு வேற வழி இல்லக்கா," என்று அழுதாள்.  இல்லம் என்றால் என்ன என்பது குணசுந்தரிக்குத் தெரியும். நல்ல இல்லங்களும் உண்டுதான். ஆனால் வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, வாயில்லாத பிள்ளை அங்கே யாரிடம் போய் என்ன கேட்கும்?

இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் வருஷம் அக்டோபரில் சிறப்புப் பள்ளிகளைத் திறக்கலாம் என்று உத்தரவு வந்தது. தலைமை ஆசிரியை பாலாம்பிகை, அரசுப் பள்ளியில் ஓய்வு பெற்று வந்தவர், யாழ்ப்பாணத்து வம்சம், சொல் தவறாத மனுஷி. முதல் அணியில் ஒன்பது பேர் மட்டும் என்று பட்டியல் போட்டார். அதில் சுபாஷினி இல்லை.

"குணா, கோபப்படாதீங்கோ. பிள்ளைகளைத் தொடாமப் பாக்கச் சொல்லியிருக்கு. தன்ர காலால உள்ள வந்து, தன்ர காலால வெளிய போற பிள்ளைகளைத்தான் இப்ப எடுக்கலாம். சுபாவை எப்படி வெளிய கொண்டு போவோம் எண்டு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன? ஆறு வருஷமாக அது தினப்படிக் கூத்து. உள்ளே வரவும் அடம், வெளியே போகவும் அடம். மத்தியானம் மணி அடித்ததும் சுபாஷினி வகுப்பு வாசலில் உட்கார்ந்துவிடுவாள். குணசுந்தரி தோள் பக்கம், காவலாளி இருளப்பன் கால் பக்கம். மூட்டை தூக்குகிற மாதிரி அலறஅலறத் தூக்கிக்கொண்டு போய் வாசுகியின் பழைய காரில் வைத்துக் கதவைச் சாத்துவார்கள்.

"ஒரு நாள் குடுங்க டீச்சர். ஒரே ஒரு நாள். அவ தன் காலால வரலேன்னா, போகலேன்னா, நானே அவ பேர அடிச்சிடறேன்."

பாலாம்பிகை பட்டியலைத் திரும்பக் கையில் எடுத்தார். "சரி. ஒரு நாள்," என்றார்.

 வாய் கொழுத்துப் போய்ச் சொல்லியாயிற்று, இனி என்ன செய்வது? யோசித்து யோசித்துப் பார்த்ததில் குணசுந்தரிக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. சுபாஷினி தரையில் கோடு இருந்தால் கோட்டின் மேல்தான் நடப்பாள். வண்ணக் கல் பதித்திருந்தால் அந்த வண்ணத்தை விட்டு மாறி மிதிக்கமாட்டாள்.

கெடாவில் வாரம் ஞாயிற்றுக்கிழமைதான் பிறக்கும். அதனால் விடுமுறை நாளான வெள்ளியும் சனியும் கையில் இருந்தன. குணசுந்தரி ஒரு பிள்ளையின் சப்பாத்தை அட்டையில் வைத்து வரைந்து வெட்டினாள். இருளப்பன் மஞ்சள் சாயம் கொண்டுவந்தார். இருவரும் முட்டி போட்டு, கேட்டிலிருந்து கை கழுவும் குழாய்க்கு, குழாயிலிருந்து வராந்தா படிக்கு, படியிலிருந்து வகுப்பு வாசலுக்கு, பிள்ளை எடுத்து வைக்கும் ஒவ்வொரு எட்டுக்கும் ஒன்றாக இடதும் வலதுமாகப் பாதம் பாதமாகப் போட்டார்கள்.

"இடுப்பு போச்சு தங்கச்சி," என்று முனகினார் இருளப்பன்.

"கோகுலாஷ்டமிக்கு மாவுல போட்டா மட்டும் இடுப்பு போகாதா? கண்ணன் காலுன்னு நெனச்சிப் போடுங்கண்ணே."

பாலாம்பிகை வந்து பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டிலிருந்து வகுப்பு வரை ஒரு தடவை நடந்தார். "வடிவா இருக்கு," என்றார். மூன்று பேருக்குமே அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

ஞாயிறு காலை ஏழரை மணி. முகக்கவரி, நெற்றிக்கு நேரே வெப்பமானி, பெற்றோர் கேட்டைத் தாண்டக் கூடாது என்ற கயிறு. கவின் என்கிற எட்டு வயசுக்காரன்தான் முதலில் வந்தான். மஞ்சள் பாதத்தைப் பார்த்தான், சிரித்தான், அதன்மேல் ஏறி நடந்து போய்விட்டான். அவன் பின்னால் ஒவ்வொருவராக மற்ற எட்டுப் பேரும் போனார்கள். கடைசியில் வாசுகியின் கார்.

சுபாஷினி இறங்கினாள். ஒன்றரை வருஷத்தில் ஒரு சாண் வளர்ந்திருந்தாள். முகக்கவரி கழுத்தில் கிடந்தது. அவளைப் போன்ற பிள்ளைகளுக்கு அதில் விலக்கு உண்டு. கேட்டில் வந்து நின்று தலையைக் குனிந்தாள். அவள் கண் முதல் பாதத்தில் விழுந்தது, அடுத்ததில் விழுந்தது, குழாய் வரை ஓடியது. வலது காலைத் தூக்கி வைத்தாள். பிசகாமல் பொருந்தியது. இடது கால். பிறகு வலது. யாரும் தொடவில்லை, யாரும் கூப்பிடக்கூட இல்லை. குழாயில் நின்று கை கழுவினாள், படி ஏறினாள், வகுப்புக்குள் போய்த் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள். இருளப்பன் வெப்பமானியைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். குணசுந்தரிக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று. அடி என் தாயே, இது என்ன அதிசயம் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. கவின் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தவன் டக்கென்று நின்றான். பாதங்கள் அத்தனையும் அவனைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. வெளியே போகிற பாதம் ஒன்றுகூட இல்லை.

"அலமாக்!" என்று இருளப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "குணா, வெளிய போற காலு போடலியே!"

"வெளிய போற காலு எவளாச்சும் போடுவாளாண்ணே?" என்று குணசுந்தரி திருப்பிக் கேட்டாள். கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கண்ணன் பாதம் வீட்டுக்குள் வரத்தான் போடுவார்கள். வெளியே போகிற மாதிரி போட்டால் வீட்டுக்கு ஆகாது. பிறந்ததிலிருந்து பார்த்த பழக்கம், கை தானாக அப்படியே போட்டிருக்கிறது. பாலாம்பிகை டீச்சரும் வருஷா வருஷம் போடுகிறவர்தான், அவருக்கும் தோன்றவில்லை.

கவினும் மற்ற எட்டுப் பேரும் சற்று முழித்தார்கள், சிணுங்கினார்கள். பெற்றோர் கேட்டிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருவராகப் பாதங்களுக்குப் பக்கத்தில் நடந்து போய்விட்டார்கள். சுபாஷினி மட்டும் வாசலில் நின்றாள். உட்காரவில்லை, நின்றாள். தொண்டைக்குள் ஊ என்று ஒரு சத்தம் கிளம்பியது. அலறலுக்கு முன்னால் வரும் சத்தம் அது.

கேட்டில் வாசுகி கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, வாம்மா! வீட்டுக்குப் போலாம்மா!" என்று கெஞ்சினாள். குணசுந்தரி ஓடிப்போய்ப் பழைய அட்டையை எடுத்து, விரல் வெளிப்பக்கம் பார்க்கும்படி தரையில் வைத்துக் காட்டினாள். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் ஓரத்தில் போட்டது. இருளப்பன் சாயத்தோடு ஓடி வந்து இரண்டு பாதம் போட்டார். ஈரச் சாயத்தின் வாடையில் சுபாஷினி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இன்னும் பலமாக ஊவென்றாள். குணசுந்தரியின் கை தானாக அந்தத் தோளை நோக்கிப் போயிற்று. தொட்டால் தூக்கிவிடலாம். தூக்கினால் எல்லாம் முடிந்தது. பாவி மகளே, உன் வாயால் நீயே கெடுத்தாயே என்று தன்னையே திட்டிக்கொண்டு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. "டீச்சர், கொஞ்சம் பொறுங்க டீச்சர்," என்று மட்டும் சொன்னாள். பாலாம்பிகை கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

சத்தம் மெல்ல நின்றது. சுபாஷினி காதிலிருந்து கையை எடுத்தாள். தன் சப்பாத்தைப் பார்த்தாள், பாதத்தைப் பார்த்தாள், மறுபடி சப்பாத்தைப் பார்த்தாள். பிறகு அப்படியே திரும்பி, கேட்டுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"போச்சு. உள்ள போகப் போறா," என்றார் இருளப்பன்.

அவள் உள்ளே போகவில்லை. வலது காலைப் பின்னால் நீட்டினாள். குதிகால் முதலில் இறங்கியது. தடவிப் பார்த்தாள், மஞ்சள் மேல் நின்றது. சப்பாத்து முழுசாகப் பாதத்தில் பொருந்தியது. பிறகு இடது காலைப் பின்னால் வைத்தாள். அதுவும் பொருந்தியது.

பின்னாலேயே நடந்தாள். கோயிலில் சாமிக்கு முதுகு காட்டாமல் பின்வாங்குகிறவர்கள் நடப்பது போல நடந்தாள். படி வந்தது.  குணசுந்தரி பக்கத்தில் இரண்டு முழம் தள்ளி, இரு கையையும் ஏந்திக்கொண்டு, தொடாமல் கூடவே போனாள். சுபாஷினி ஒரு காலைத் தொங்கவிட்டு ஆழம் பார்த்தாள், இறங்கினாள். குழாய்க்குப் பக்கத்தில் பாதை வளைந்தது, அவளும் வளைந்தாள். ஒரு பாதத்தைக்கூடத் தவறவிடவில்லை. கேட்டுக்கு வெளியே சாலையில் போன மோட்டார்க்காரர்கள்கூட வண்டியை மெதுவாக்கிப் பார்த்தார்கள். வாசுகி கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, கயிற்றைத் தூக்கிவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கேட்டில் கடைசிப் பாதம். அதையும் மிதித்து, இன்னும் ஒரு எட்டு பின்னால் வைத்தபோது சுபாஷினியின் முதுகு அம்மாவின் வயிற்றில் போய் முட்டியது. அவள் விலகவில்லை. அம்மாவின் மேல் அப்படியே சாய்ந்து நின்றுகொண்டு, தான் நடந்து வந்த வழியைப் பார்த்தாள்.

வாசுகி விம்மி விம்மி அழுதாள். இருளப்பன் முகக்கவரிக்குள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாய டப்பாவை மூடப் போனார்.

பாலாம்பிகை மெல்ல நடந்து கேட்டுக்கு வந்தார். "வாசுகி, நாளைக்கும் ஏழரைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இனி ஒவ்வொரு நாளும்," என்றார். பிறகு குணசுந்தரி பக்கம் திரும்பினார். அவர் குரல் இறங்கியிருந்தது. "நேரம் பாத்தனான். அந்தப் பிள்ளை பதினொரு நிமிஷம் யோசிச்சிருக்கு, குணா."

  வாசுகியின் கார் போய்ச் சந்தியில் திரும்புகிற வரை குணசுந்தரி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நாங்க மூணாவது நிமிஷத்துல தூக்கிடுவோம் டீச்சர்," என்றாள். "ஆறு வருஷமும்."