நோன்பு நாளில் எடுத்த ரத்தம்

ஷரீஃபா டாக்டருக்குப் படித்தவள்தான். ஆனாலும் திண்டுக்கல் பேகம்பூரில் அவளை டாக்டர் என்று ஒப்புக்கொள்ள ஆளில்லை. மருந்துச் சீட்டு எழுதுவதில்லை, நாக்கை நீட்டச் சொல்வதில்லை. “ஊசி வழியா மருந்து ஏத்துனா டாக்டரு. இந்தம்மா உறிஞ்சிட்டுல்ல போகுது” என்று கறிக்கடையில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்டு அவளே சிரித்திருக்கிறாள்.

அவள் செய்வது ஆராய்ச்சி. அளவாகத் தின்று ஓடியாடி உழைக்கிற சில குடும்பங்களில் மட்டும் ரத்தத்தில் கொழுப்பு ஏன் அப்படி ஏறிக் கிடக்கிறது, நாற்பதைத் தாண்டுமுன்னே ஆண்களுக்கு நெஞ்சடைப்பு ஏன் வருகிறது என்று பத்தொன்பது வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். அதற்கு வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம் வேண்டும். அது கிடைப்பதுதான் பெரும்பாடு.

ஆத்தூர்ப் பக்கம் கண்ணம்மாள் என்று ஒரு அம்மா. “ராத்திரியிலருந்து பச்சத்தண்ணி பல்லுல படல தாயி” என்று சத்தியம் செய்தவள், ஊசி குத்தி முடித்த பிறகு சொன்னாள்: “காப்பி மட்டுந்தேன் குடிச்சேன். கூட ரெண்டு வரிக்கி. அதெல்லாம் ஒரு சாப்பாடா?”

அந்த வருடம் சேர்த்த ரத்தத்தில் பாதியைக் கொட்ட வேண்டியதாயிற்று. பிறகுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ரமலானில் சாயங்காலம் ஐந்து மணிக்கு பேகம்பூரில் வயிறு நிறைந்த ஆள் யார்? யாரும் யாருக்கும் சொல்லாமலே பன்னிரண்டு மணி நேரப் பட்டினி. இத்துணூண்டு ரத்தம் எடுத்தால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொண்டு, மதரஸா கூடத்தில் மேசை போட்டாள்.

மூன்றாம் நாள் ரத்தம் கொடுக்க ஷமா என்று ஒருத்தி வந்தாள். துணைக்கு வந்த அண்ணன் பைசல் வாசலிலேயே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வயது, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடை. போனைப் பிடித்திருந்த அவன் கையைத்தான் ஷரீஃபா பார்த்தாள். விரல் முட்டிகளின் மேல் மஞ்சள் பாரித்து, கொண்டைக்கடலை அளவில் மூன்று புடைப்புகள்.

“தம்பி, கையில என்ன அது?”

“இதா? ஷாப்புக் காய்ப்பு டாக்டரம்மா. பதினெட்டு வயசுல அத்தா கூடத் தோல் பதனிடுற ஷாப்புல ரெண்டு வருஷம் கெடந்தேன். தோல் சொரண்டுனா இப்படித்தான் காய்ச்சுப் போகும்.”

“அத்தாவுக்கும் இருந்துச்சா?”

“அவருக்கு நெல்லிக்கா சைஸு. சாச்சாவுக்கும் அப்படித்தான். அத்தா நாப்பத்தொண்ணுல போனாரு, அவரு தம்பி முப்பத்தொம்பதுல. ஷாப்பு மருந்துத் தண்ணி ரெண்டு பேரு நெஞ்சையும் தின்னுருச்சு. நான் உஷாரு. அன்னைக்கே ஓடி வந்துட்டேன்.”

ஷரீஃபா மனதுக்குள் கணக்குப் போட்டாள். நாற்பத்தொன்றுக்கு இன்னும் மூன்றே வருடம்.

“கையை மடக்கி விரிங்க.” புடைப்பு, தோலோடு நிற்காமல் அடியில் விரலை இழுக்கும் தசைநாரோடு சேர்ந்து ஓடியது. “இது காய்ப்பு இல்ல தம்பி. கொழுப்பு, விரலை இழுக்குற நாருல படிஞ்சிருக்கு. ரத்தம் குடுங்க, பாத்துருவோம்.”

“எனக்கெதுக்கு? ஷாப்பை விட்டே பதினெட்டு வருஷமாச்சு. காய்ப்புலயும் பல ரகம் இருக்கும்ல.”

தெருவே நம்புகிற ஒன்றை, மருந்து தராத டாக்டர் ஒருத்தி பொய் என்றால் யார் கேட்பார்கள்?

அப்போது ஷமா புர்காவின் கையை மேலே இழுத்துவிட்டு இடது கையை மேசைமேல் வைத்தாள். முட்டியில் துவரம்பருப்பு அளவில் இரண்டு புடைப்புகள். கல்யாணமானதிலிருந்து மாமியார் கண்ணில் படாமல் மறைத்து வைத்திருந்த கை.

“நீ எந்த ஷாப்புக்குடி போன?” என்று அண்ணன் சிரித்தான்.

“அதைத்தாண்ணே நானும் கேக்குறேன். நாத்தம் அடிக்கும்னு அந்த ரோட்டுப் பக்கமே என்னை விட்டதில்ல. எனக்கு எதுல காய்ச்சுச்சு? புரோட்டா மாவு பிசைஞ்சா?”

பைசலின் சிரிப்பு பாதியில் நின்றது. தங்கையின் கையைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டான்.

“எடுங்க. நோன்புக் கஞ்சிக்கு நேரமாகுது.”

கெட்ட கொழுப்பு, நூறுக்குள் இருக்க வேண்டியது, அவனுக்கு முந்நூற்றுப் பத்து. ஷமாவுக்கு இருநூற்று அறுபத்தெட்டு. முடிவைக் கொண்டுபோய்க் கடையிலேயே சொன்னாள் ஷரீஃபா. ரத்தத்தில் ஓடுகிற கொழுப்பைக் கல்லீரல் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அவன் குடும்பத்தில் சிலருக்கு அதற்கான கதவுகள் பிறவியிலேயே பாதி சாத்திக் கிடக்கின்றன.

“அப்ப ஷாப்பு?”

“ஷாப்பு செஞ்ச கெடுதல் எம்புட்டோ இருக்கலாம். இது அது செஞ்சதில்ல.”

அவன் ஒரு போனின் மூடியைக் கழற்றினான், மாட்டினான். “அத்தாவை இத்தன வருஷமா மனசுக்குள்ள ஏசிக்கிட்டே இருந்தேன் டாக்டரம்மா. எங்களுக்காகவாச்சும் அந்த வேலையை விட்டிருக்கக் கூடாதான்னு.” இதய டாக்டரிடம் மறுநாளே போனான்.

மாத்திரையில் எட்டே மாதத்தில் நூற்று நாலுக்கு இறங்கியது. உடனே மாத்திரையை நிறுத்திவிட்டான். “அதான் கொறைஞ்சிருச்சுல்ல.” ஷமா விடவில்லை. “கூரை ஒழுகலைங்கிறதுக்காக ஓட்டைப் பிரிச்சு எறிவியாண்ணே?” என்று தினமும் காலையில் போன் போட்டுக் கேட்டாள். அவள் வாய்க்குப் பயந்தே மறுபடி ஆரம்பித்தான். பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் அவனே ரத்தம் எடுக்க வைத்தான். மூத்த மகளுக்கும் இதே கொழுப்பு இருப்பதைப் பதினொரு வயதிலேயே கண்டுபிடித்தாயிற்று.

போன மாதம் ஷரீஃபாவின் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அதை அச்செடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். பைசலுக்கு இப்போது நாற்பத்திரண்டு. அவன் அத்தாவும் சாச்சாவும் பார்க்காத வயது.

“பேரு போட விதி எடம் குடுக்காது தம்பி” என்று கடைசிப் பக்கத்தை விரித்துக் காட்டினாள். “‘திண்டுக்கல்லைச் சேர்ந்த ஒரு குடும்பத்துக்கு நன்றி’ன்னு ஒரே வரிதான் போட முடிஞ்சது. என் பத்தொம்பது வருஷமும் உங்க ரெண்டு பேரு கையிலதான் நின்னுச்சு.”

அவன் அந்த வரியைப் படித்தானோ என்னவோ, தாளை மடித்து மேசை டிராயரில் வைத்தான்.

“நன்றி கெடக்கட்டும். சாச்சா மகனுக மூணு பேரு வேடசந்தூரு மில்லுல இருக்கானுக. கையில முட்டி முட்டியா வச்சுக்கிட்டு, நூல் இழுத்ததுல காய்ச்சதுன்னு சொல்லித் திரியிறானுக. ஒரு வாரமாப் பேசிப் பேசி இன்னைக்குத்தான் வெறும் வயித்தோட கெளப்பியிருக்கேன்.”

சொல்லி வாய் மூடவில்லை, மூவரும் கடை வாசலில் வந்து நின்றார்கள். மூத்தவன் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, “எங்களுக்கு ஒண்ணுமில்லண்ணே, ஒனக்காகத்தான் வந்தோம்” என்றான்.

“எனக்காகவே இருக்கட்டும்டா. உக்காரு மொதல்ல” என்று பைசல் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

ஷரீஃபாவுக்கு அவனிடம் இன்னும் ஏதோ சொல்ல வேண்டும்போல இருந்தது. மூத்தவன் உட்கார்ந்துவிட்டான். அவள் பையைத் திறந்து ஊசியை எடுத்தாள்.