அக்காவின் இடக்கை நாடி

கதிர்காமக் கந்தனையும் எங்கள் தோட்டத்து மாரியம்மனையும் மனதில் நினைத்துக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்ததுதான். பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இதில் வருகிறவர்கள் எல்லாரும் எங்களுக்கு வேண்டியவர்கள், நல்லவர்கள். யார் மனமும் நோகக் கூடாதே என்ற பயம். அக்காவிடமே ஒருமுறை கேட்டேன். "நான் இருக்கிற வரைக்கும் வேணாம் தங்கச்சி. வர்றவன் போறவனெல்லாம் கையைக் காட்டு கையைக் காட்டும்பான். என் கருமாதிக்கு எழுதிக்க" என்று சிரித்தார். கருமாதிக்கு என்னால் முடியவில்லை. ஆண்டுத் திவசமும் வந்துவிட்டது. இனியும் தள்ளக் கூடாது.

அக்கா பிறந்தது லுணுகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், மேல் டிவிசன் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராக்களில் ஒன்றில். அப்பா தேயிலைச் செடியின் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர். அம்மா கொழுந்து எடுப்பார். மூத்த பிள்ளை அக்கா, அடுத்து நான். வேலைக்குப் பெயர் பதிந்த நாளிலிருந்து அக்கா மலைக்குக் கொழுந்து எடுக்கப் போனார். இரண்டு கையும் ஒரே வேகத்தில் ஓடும். பக்கத்து நிரையில் நிற்கிற எனக்குக் கூடை பாதி நிறையும் முன் அவர் தன் நிரையை முடித்துவிட்டு என் நிரைக்குள் வந்து எடுத்துக் கொடுப்பார். கங்காணி கண்டுகொள்ளாத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

இந்தியாவுக்கே திரும்பிப் போக எழுதிக் கொடுப்பதா, இலங்கைக் குடியுரிமை கேட்டு இங்கேயே இருப்பதா என்று லயத்துக்கு லயம் பேச்சாக இருந்த அந்த நாட்களில்தான் அக்காவுக்கு ஹாலிஎலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சம்பந்தம் வந்தது. பரிசம் போட்டாயிற்று. தை மாதம் கல்யாணம் என்று பேச்சு.

கார்த்திகை மழையில் அக்கா காய்ச்சலில் விழுந்தார். தோட்டத்து மருந்துக்கு அது அடங்கவில்லை. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி கேட்டு வாங்கியபோது கீழே ரோட்டில் மண் சரிந்து வழி அடைபட்டுவிட்டது. லுணுகலையிலிருந்து நாட்டு வைத்தியர் குறுக்குப் பாதையில் நடந்தே வந்தார். எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்த கை அவருடையது. அவர் வரும்போது காய்ச்சல் திடீரென்று இறங்கி அக்காவின் உடம்பு சில்லென்று கிடந்தது. கூப்பிட்டால் பேச்சில்லை.

நாடி பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை. வைத்தியர் கண்ணை மூடிக்கொண்டு அக்காவின் இடது மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தார். விரலை மாற்றி மாற்றி வைத்தார். வெகு நேரம் பார்த்துவிட்டுக் கையை மெல்லப் போர்வைக்குள் வைத்தார்.

"நாடி விழுந்திருச்சுங்க. மூச்சு மட்டும் இழுத்துக்கிட்டிருக்கு. சொந்தக்காரங்களுக்குச் சொல்லிவிடுங்க" என்று அப்பாவிடம் சொன்னார். சொல்லும்போது அவர் கண்ணிலும் தண்ணீர்.

வலக்கையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. பெண்ணுக்கு இடக்கைதானே என்று இருந்துவிட்டோம்.

அக்காவைக் கட்டிலிலிருந்து இறக்கிப் பாயில் போட்டார்கள். தலைமாட்டில் விளக்கு ஏற்றினார்கள். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வாயில் கடைசிப் பால் ஊற்றினார்கள். அம்மா ஊற்றியதில் பாதி கழுத்தில் வழிந்தது. பிறகு பெரியம்மா வந்து, ஒப்பாரியைப் பாதியில் நிறுத்திவிட்டு, கரண்டி நிறைய ஊற்றினார். அக்காவுக்குப் புரையேறிவிட்டது. இருமினார். கண்ணைத் திறந்து எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சீனி போடலையா?" என்றார்.

பெரியம்மா கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். "எதுக்கு என்னையத் தரையில போட்டிருக்கீங்க? குளிருது" என்று அக்கா கேட்டபோதுதான் அம்மாவுக்கு உயிர் வந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அப்பா விளக்கை எடுத்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

அந்தச் சந்தோஷம் அதிக நாள் நிற்கவில்லை. செய்தி ஹாலிஎலைக்குப் போய்ச் சேர்ந்தது. வைத்தியர் திரும்ப வந்து பார்த்தபோதும் இடக்கையில் நாடி கிடைக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிற பெண்ணுக்கு நாடி இல்லையென்றால் அவர்தான் என்ன சொல்வார்? "எனக்கே விளங்கலைங்க" என்றார். அது போதாதா? நாடி இல்லாமல் நடமாடுகிறாள், போனவள் அல்ல வேறு ஏதோ வந்திருக்கிறது என்று பேச்சு வளர்ந்தது. பீலிக்கு அக்கா தண்ணீர் எடுக்கப் போனால் பிள்ளைக்காரிகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். அக்கா குடத்தை நிரப்பிக்கொண்டு திரும்பிவிடுவார். வீட்டுக்கு வந்து குடத்தை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

மாப்பிள்ளையின் தாயார், எங்களுக்கு அத்தை முறை, குறுக்குப் பாதையில் நடந்து நேரே வந்துவிட்டார். "கல்யாணத்தன்னிக்கு மருமகளுக்குப் பால் பழம் குடுக்கணும். கடைசிப் பால் குடிச்சவளுக்கு நான் எப்படிங்க அண்ணே அந்தப் பாலைக் குடுப்பேன்? எனக்கு இருக்கிறது ஒரே மகன்" என்று அப்பாவிடம் அழுதார். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். இந்தச் சம்பந்தம் முறிந்தால் அக்காவுக்கு இனி எந்தத் தோட்டத்திலிருந்தும் ஆள் வராது என்று எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் தனியாக வந்தார். பரிசம் போட்ட மாப்பிள்ளை இப்படித் தனியாக வருவது வழக்கம் இல்லை. வாசலிலேயே நின்றார். அக்கா உள்ளே இருந்து என்னை இடித்துக்கொண்டு வெளியே வந்து இடக்கையை நீட்டினார்.

"இந்தாங்க, பாத்துக்குங்க. எல்லாரும் பாத்தாச்சு, நீங்கதான் பாக்கி."

அத்தான் பயந்து பயந்து தொட்டார். தேடினார். முகம் வெளுத்துவிட்டது.

"இல்லைதானே?" என்றார் அக்கா. "நேத்து மலைக்குப் போனேன். கணக்கப்பிள்ளை முழு நாள் சம்பளத்துக்கு முழுப்பேர் போட்டாரு. செத்தவளுக்குப் பேர் போடுவாங்களா? போய் ஒங்க அம்மாவைக் கேளுங்க."

அத்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் கேக்கிறது இருக்கட்டும், டாக்டர்கிட்ட கேப்போம். வாங்க மாமா" என்று அப்பாவைக் கூப்பிட்டார். தன் தாயாரையும் வரவழைத்தார். மண் சரிந்த ரோடு திறந்ததும் எல்லாருமாக பஸ் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அத்தை பஸ்ஸில் அக்கா பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே வந்தார்.

அங்கே இருந்தது ஒரு சிங்கள டாக்டர் அம்மா. தமிழ் தட்டுத்தடுமாறித்தான் பேசுவார், ஆனால் பொறுமையாகக் கேட்டார். முதலில் வலக்கையைப் பிடித்தார். நாடி நன்றாக ஓடியது! அப்பா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு இடக்கை. மணிக்கட்டில் இல்லை. டாக்டர் அம்மா முழங்கை மடிப்பிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தார். மணிக்கட்டுக்கு மேலேயே திரும்பிப் புறங்கைப் பக்கம் போனார். பெருவிரல் அடிக்குப் பின்னால், தோலுக்குக் கீழேயே நிறுத்தினார்.

"இதோ. நாடி இங்க. அம்மா, நீங்க வாங்க, தொடுங்க" என்று யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? கதவோரம் நின்ற அத்தையை. அத்தை விரலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"ஆத்தாடி! துள்ளுதே! என்னோடதை விட வேகமால்ல ஓடுது!"

"நீங்க பக்கத்தில நின்னா ஓடாம என்ன செய்யும்" என்றார் அக்கா. அத்தை அக்காவின் வாயில் ஒரு அடி வைத்தார். செல்ல அடிதான். அன்றிலிருந்து கடைசி வரை இரண்டு பேரும் அப்படித்தான்.

டாக்டர் அம்மா எங்களுக்கு விளங்கச் சொன்னார். இது நோய் இல்லை. முகம் ஆளுக்கு ஆள் மாறுகிற மாதிரி உள்ளே ஓடுகிற ரத்தக் குழாயும் சிலருக்கு வேறு வழியில் போகும். பிறவியிலேயே அப்படி. ஆயுசுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது என்று அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். தோலுக்கு அடியிலேயே இருப்பதால் பார்க்கிறவருக்கு அது ஊசி போடுகிற சாதாரண நரம்பு மாதிரித் தெரியும். அதில் மருந்து ஏற்றினால் விரல்கள் கறுத்துப் போகலாம், விரலே போய்விடலாம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வார்த்தையாக இதைச் சொல்ல வேண்டும்.

தை மாதமே கல்யாணம் நடந்தது. அத்தை தன் கையாலேயே பால் பழம் கொடுத்தார். சீனி அள்ளிப் போட்டிருந்தார். வைத்தியரும் வந்து வாழ்த்தினார். அதற்குப் பிறகு அவர் ஆண் பெண் யாருக்கும் இரண்டு கையையும் பார்க்காமல் பேசியதில்லை. அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்?

அக்கா ஹாலிஎலையில் வாழ்ந்த வாழ்க்கையை நீங்கள் அறிவீர்கள். அரிசியும் மாவும் கிடைக்காத காலத்தில் மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தன் பிள்ளைகளோடு அடுத்த காம்பராப் பிள்ளைகளுக்கும் பிட்டுக் கொடுத்தவர். மூன்று பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரிப் படி ஏறும்போதே, வலியோடு வலியாக, "மிஸ், இந்தக் கையில மட்டும் ஊசி வேணாம், தொட்டுப் பாருங்க" என்று சொல்லித்தான் படுத்தார். ஒரு நர்ஸ் மிஸ் தொட்டுப் பார்த்துவிட்டு மற்ற மிஸ்மாரையும் கூப்பிட்டுக் காட்டினாராம். "கண்காட்சிக்கு டிக்கட் போட்டிருக்கலாம்" என்பார் அக்கா.

கடைசியில் நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, வீட்டுக்குப் போகிறேன் என்று கேட்டு வந்தார். வெள்ளிக்கிழமை காலையில், பிள்ளைகள் சுற்றி இருக்க, மூச்சு நின்றது. யாரும் அவரைக் கட்டிலிலிருந்து இறக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வலக்கையைத் தொட்டேன். பிறகு இடக்கையைத் திருப்பி, பெருவிரல் அடிக்குப் பின்னால் விரலை வைத்தேன். வைத்துக்கொண்டே இருந்தேன். அத்தான்தான் என் கையை எடுத்துவிட்டார். அதன் பிறகே பாய் விரித்தோம்.

அந்தத் துக்கத்தில் எங்களோடு நின்ற லயத்து ஜனங்களுக்கும், இரவோடு இரவாக மொனராகலையிலிருந்து பஸ் மாறி மாறி வந்த சொந்தங்களுக்கும், பார்த்த டாக்டர்மாருக்கும் மிஸ்மாருக்கும், பதுளை டவுனில் கடையைப் பூட்டிவிட்டு வந்து தோள் கொடுத்த முஸ்லிம் நானாமாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் சொல்லவில்லை என்று யாரும் குறையாக நினைக்க வேண்டாம்.

இன்னும் ஒன்றே ஒன்று. அக்கா செத்துப் போய் எழுந்து வந்தார் என்று சிலர் சொல்கிறார்கள். நாடியே இல்லாமல் வாழ்ந்தார் என்று சிலர். அம்மன் வந்து உயிரைத் திருப்பிக் கொடுத்தாள் என்று, நல்ல மனதோடுதான், சிலர். அந்தக் கதையைக் கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். நாளைக்கு ஒரு காம்பராவில் ஒரு பெண் சில்லிட்டுக் கிடந்தால், மற்றக் கையைத் தொட்டுப் பார்க்க அவர்களுக்குத் தோன்றாது. ஆகவே உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இதில் உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் உள்ளபடியே உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அம்மன் கொடுத்தாள் என்றுதான் நானும் நம்புகிறேன். அப்படிச் சொல்கிறவர்கள், அவள் அந்த நாடியை எந்த இடத்தில் கொடுத்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அக்காவின் தங்கை