சுவரில் எரிந்த டெஸ்டர்

வீட்டுச் சுவரைத் தொட்டால் சுரீரென்கிறது. அதனால் மலையடிவாரத்துக் காரவள்ளி ஊரில் ஒரு எலக்ட்ரிக் கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த டெஸ்டரைக் கேட்டேன். கடைக்காரர் ஒன்றை பிளக்பாயிண்டில் செருகிக் காட்டினார். உள்ளே சிவப்பாக எரிந்ததும் நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

சின்ன வயதில் மலைமேல் நாங்கள் குடியிருந்த மண்சுவர் வீட்டிலும் ஒரு மழைநாளில் இப்படித்தான் ஷாக்கடித்தது. ஒயரே இல்லாத சுவரில் அப்பா டெஸ்டரை வைத்தார், எரிந்தது. ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு வைத்தார், அப்போதும் எரிந்தது.

"சாமி எறங்கியிருக்குதுங்க!" என்று அம்மா குங்குமத்தைக் குழைத்துச் சுவருக்குப் பொட்டு வைக்கப் போனாள்.

"தொடாத புள்ள!" அப்பா அவள் கையைத் தட்டிவிட்டதில் டெஸ்டர் கீழே விழுந்தது. யாரும் தொடாமலே தரையில் எரிந்துகொண்டிருந்தது.

அன்றே வீட்டைக் காலி செய்தோம். முதலில் வெளியே பாய்ந்த வீரன் நான்தான்.

"எரியாத டெஸ்டர் இருக்குதுங்களா?" என்று இப்போது கடையில் கேட்டேன்.

"அப்புறம் கரண்ட் இருக்கறது எப்படிங்க தெரியும்?" என்றார் கடைக்காரர்.

"தெரியாம இருக்கத்தாங்க கேக்கறேன்."