துவைக்காத துண்டு

சட்டைத் தொழிற்சாலையில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. எல்லோருக்கும் அவள் 'கழுகு'தான். செக்கிங் மேசையில், டியூப்லைட்டுக்கு அடியில், காலரைத் திருப்பிப் பார்த்து, பட்டனை இழுத்துப் பார்த்து, விட்டுப்போன ஒரு தையலைக்கூடத் தப்பவிடாதவள். "கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாப்பா" என்று சூப்பர்வைசர் புதிதாக வருகிறவர்களிடம் பீற்றிக்கொள்வார். நிஜமாகவே விட்டிருந்தாலாவது தேவலை. வருஷக்கணக்காக இமைக்காமல் பார்த்ததற்குக் கூலியாக, ஐம்பதைத் தாண்டியதும் கண் எரிய ஆரம்பித்தது. வெள்ளைத் துணியைப் பார்த்தாலே பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"கண்ணு காஞ்சு போயிருக்கு" என்றார் கண் டாக்டர்.

"காஞ்சு போனா எதுக்கு டாக்டர் இப்படிக் கொட்டுது?"

"காஞ்சதாலதான் கொட்டுது. எரிச்சல் தாங்காம கண்ணு தண்ணியை அள்ளி விடுது, அது கண்ணுல நிக்காது. மாதவிலக்கு நிக்கிற வயசுல நிறைய பேருக்கு வரும். உங்க வேலையும் சேந்துக்கிச்சு."

அந்தக் கோளாறு அவள் வீட்டில் வயசு பார்க்கவில்லை. மகளுக்கு இருபத்துமூன்று. நாள் பூராவும் ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு, மண் விழுந்த மாதிரி கண்ணைக் கசக்கிக்கொண்டே வீட்டுக்கு வருவாள். அப்பாவுக்கு எண்பதுக்கு மேல். பக்கவாதம் வந்து பேச்சும் நடையும் போனதோடு இமையும் சரியாக மூடவில்லை. தூங்கும்போதுகூட அரைக்கண் திறந்தே கிடக்கும். வயதான கண்ணில் ஈரமே குறைவு, மூடாமல் வேறு கிடந்தால் கருவிழி புண்ணாகிவிடும் என்று டாக்டர் பயமுறுத்தியிருந்தார். ஆக, மூன்று பேருக்கும் சொட்டு மருந்து. ஒருத்தர் புட்டி இன்னொருத்தருக்குப் போகக்கூடாது என்பதால் புட்டிகளின் கழுத்தில் நூல் சுற்றிவைத்தாள். மகளுக்கு மஞ்சள், தனக்கு நீலம், அப்பாவுக்குச் சிவப்பு.

"நம்ம குடும்பச் சொத்துன்னா இதுதாம்மா" என்று மகள் கிண்டலடிப்பாள்.

அப்பா படுக்கையில் விழுந்ததுமே அவள் வேலையை விட்டுவிட்டாள். காலரைப் பார்த்த கண் இப்போது அப்பாவின் முகத்தைப் பார்த்தது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பக்கத்தில் இருப்பது தன் மகள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஒரு விரல் அசைந்தால் போதும். அந்த மனுஷனோ சுவரைப் பார்ப்பது போலவே அவளையும் பார்த்தார்.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டே திரும்பினால், அவர் கன்னத்தில் கண்ணீர் வழிகிறது. "அப்பா! என்னைத் தெரியுதாப்பா?" என்று கத்தியேவிட்டாள். சமையலறையிலிருந்து ஓடிவந்த மகள் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அம்மா, இப்பதானே மருந்து விட்டே."

ஆமாம், விட்டிருந்தாள். தலையணையில் கிடந்த சின்னத் துண்டால் அவர் கன்னத்தைத் துடைத்தாள். பிறகு அதையே முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள். புட்டியைப் பிரித்து வைத்தவளுக்குத் துண்டைப் பிரிக்கத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு அழுகை முட்டியபோதெல்லாம் அந்தத் துண்டுதான்.

அப்புறம் தம்பி வந்தான். விமானம் ஏறி வர வேண்டிய தூரத்தில் அவனுக்கு வேலை. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி. அப்பாவுக்கு எப்போதும் அவன்தான் பச்சை. பேச்சு இருந்த காலத்தில், அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டே "தம்பி போன் பண்ணானா?" என்றுதான் கேட்பார். அதற்காக அவள் தம்பியை வெறுத்ததில்லை. கொஞ்சம் வயிறெரிந்தது உண்டு.

பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்தான். அவள் அப்போதுதான் சிவப்பு நூல் புட்டியை மூடியிருந்தாள். அவன் குனிந்து, "அப்பா, நான் வந்துட்டேம்பா" என்றான். அந்த நேரம் பார்த்துக் கண்ணோரம் தேங்கியிருந்த மருந்து உருண்டு கன்னத்தில் இறங்கியது.

"அக்கா! பாரு, பாரு, அப்பா அழறாரு! என்னைத் தெரியுதுக்கா அவருக்கு!"

தலையணையில் கிடந்த துண்டால் அப்பாவின் கன்னத்தை ஒற்றிவிட்டு, தலை நரைத்த ஆண்பிள்ளை கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதான். மகள் வாயைத் திறக்கப் போனாள். அவள் கண்ணாலேயே அடக்கினாள். "மருந்து" என்ற ஒரு சொல் நெஞ்சில் எப்படி இறங்கும் என்று அனுபவித்தவள் அவள். அதைத் தம்பிக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

"ஆமாடா. உனக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தார்" என்றாள்.

சொல்லிவிட்டுப் போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். பொய் சொன்னது உறுத்தவில்லை. தனக்கு அப்படியொரு பொய் சொல்ல யாரும் இல்லாமல் போனார்களே என்பதுதான் தாங்கவில்லை.

அந்த வாரமே அப்பா போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் தம்பி அந்தக் கண்ணீரைப் பற்றியே சொன்னான். மகனைப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார், கொடுத்துவைத்தவர் என்றார்கள். அப்பாவின் தங்கை அவள் பக்கம் திரும்பினாள்.

"உன்னைப் பாத்து அழுதாராம்மா?"

"என்னைப் பாத்து ஒருநாளும் அழுததில்ல, அத்தை."

"கூடவே இருந்தவ நீ. உன்கிட்ட எதுக்கு அழணும்?"

அத்தை ஆறுதலாகத்தான் சொன்னாள்.

கிளம்புகிற அன்று தம்பி காலிக் கட்டிலருகே வெகுநேரம் நின்றான். பிறகு தலையணையில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தான்.

"அக்கா, இதை நான் எடுத்துட்டுப் போறேன்."

"அழுக்குத் துண்டுடா அது. குடு, துவைச்சாவது தரேன்."

"ஐயோ, துவைக்காதக்கா! அப்பா எனக்காக விட்ட கண்ணீர் இதுலதானே இருக்கு."

நீட்டிய கையை அவள் இழுத்துக்கொண்டாள். திருப்பிக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். அவன் அதை நாலாக மடித்து, சட்டைகளுக்கு நடுவே வைத்துப் பெட்டியை மூடினான்.

கார் தெருமுனை திரும்பியதும் மகள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"ஏம்மா குடுத்தே? அதுல இருக்கறது வெறும் மருந்துதானே?"

"மருந்துதாண்டி" என்றாள். "அதுல கண்ணீர்னு ஏதாவது இருந்தா, அது என்னோடது."